சாரதிக்கும் இளைப்பாறல் வேண்டும்

திருவல்லிக்கேணியில் மூலவர் வேங்கடகிருஷ்ணனைச் சேவித்த அன்பர்கள், பெருமாளின் மீசையையும், திருக்கரத்தில் சங்கு மட்டும் இருந்து சக்கரம் இல்லாதிருப்பதையும் கண்டு வியந்திருப்பார்கள். பாரதப் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்களித்தவன் ஆதலால் சக்கரம் இன்றி நிற்கிறான் என்பர் பெரியோர். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்திலோ பீஷ்மரின் அம்புகள் தைத்த வடுக்கள் உண்டு. பார்த்தனை நோக்கி வந்த அம்புகளை, தேரின் முன்னே அமர்ந்திருந்த சாரதி தன் முகத்தில் ஏற்றுக்கொண்டான். முன்னே அமர்ந்து பிறரை அழைத்துச் செல்பவரே முதலில் இடரை எதிர்கொள்கிறார். இது தேருக்கும் பொருந்தும், பேருந்துக்கும் பொருந்தும்.

நம் காலத்துச் சாரதிகளாகிய நெடுந்தொலைவுப் பேருந்து ஓட்டுநர்களைப் பற்றி இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம். சென்னையில் இரவு ஏறினால் விடியலில் மதுரை. சற்று நேரம் கழித்துத் திருச்செந்தூர். நடுவில் விக்கிரவாண்டி வந்ததும் தெரியாது, தொழுதூர் கடந்ததும் தெரியாது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாம் உறங்குகிறோம். ஏறத்தாழ நாற்பது உயிர்கள் உறங்கும் அந்த வண்டியில் ஒருவர் மட்டும் உறங்கலாகாது. வண்டியை எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, முகப்பிலுள்ள பிள்ளையார் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தி, ஊதுபத்தி ஏற்றி அவர் புறப்படுகிறார். அந்தச் சிறிய வழிபாட்டை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

ஓர் இரவில் அவருக்கு மிகக் கடினமான வேளை எது தெரியுமா? பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை. மனித உடலின் இயற்கைப்படி உறக்கம் மிகுந்து அழுத்தும் நேரம் அதுவே. சூரியோதயம் 6 மணி என்று கொண்டால், பிரம்மமுகூர்த்தம் 4.24 முதல் 5.12 வரை. நாம் எழுந்து நீராடி இறைவனை நினைக்கும் புனிதமான அந்த நேரத்திலும் அவர் உறக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார். தேநீர் அருந்தியும் முகம் கழுவியும் உறக்கத்தைச் சிறிது தள்ளிப்போடலாம். தீர்ப்பதற்கு உறக்கத்தைத் தவிர வேறு மருந்து இல்லை. மிகக் களைத்த ஒருவருக்குக் கண்கள் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் நினைவு நழுவுவதுண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடி நினைவு தப்பினால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் அந்த வண்டிக்குச் சாரதி இல்லை என்று பொருள்.

இதனை முன்னிட்டே 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சில வரம்புகளை வகுத்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தொலைவுத் தடங்களிலும் திருவிழாக் காலங்களிலும் அனுமதி பெற்று நீட்டினாலும், நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் கடக்கலாகாது என்று அச்சட்டம் விதித்திருந்தது. ஒருநாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குமுன் 9 மணி நேரமாவது தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்றும் அது கூறியது.

இனி, நாம் குழுவாகப் பேருந்தை அமர்த்திக்கொண்டு செல்லும் யாத்திரைகளை எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து மூன்றே நாட்களில் அறுபடை வீடுகள் என்று திட்டமிடுகிறோம். திருத்தணி, சுவாமிமலை, பழனி, திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, திருச்செந்தூர் என்று தரிசித்துத் திரும்பினால் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். நாளுக்கு 500 கிலோமீட்டர் ஆயிற்று. நெரிசலையும் நிறுத்தங்களையும் கணக்கிட்டு மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும், ஸ்டியரிங்கின் முன்னே மட்டும் 10 மணி நேரம். இதற்கிடையே ஒவ்வொரு தலத்திலும் நாம் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் அவருக்குக் காத்திருப்பு, ஓய்வு அன்று. குளிரூட்டும் கருவியை நிறுத்திவிட்ட வண்டிக்குள் பகல் வெயிலில் கண்ணயர முடியாமல், மூட்டைகள் வைக்கும் அறையின் கதவைத் திறந்துவைத்து அதனுள்ளே படுத்திருக்கும் ஓட்டுநர்களைக் கோயில் வாகன நிறுத்துமிடங்களில் இன்றும் காணலாம். திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று நாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் வலிக்கிறதென்று இருக்கையில் சாய்ந்ததும் உறங்கிவிடுகிறோம். கொசுக்கடியில் விழித்திருந்த அவரோ உடனே வண்டியை எடுக்கவேண்டும்.

விரதமும் சங்கல்பமும் குறித்த நேரமும் முக்கியமல்லவா என்று சிலர் கேட்கலாம். முக்கியமே. ஆயினும் சங்கல்பத்துக்கும் காலக்கெடுவுக்கும் பார்த்தனுடையதைக் காட்டிலும் கடுமையான ஒன்று உண்டா? மகாபாரதத்தின் துரோண பருவத்தை நினைவுகொள்வோம். போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வதைப்பேன், இயலாவிடில் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். பொழுதோ சாய்ந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் பகைவர் படை. அந்நிலையில் தேர்க்குதிரைகள் அம்புபட்டுத் தாகத்தால் களைத்தன. ஒவ்வொரு கணமும் உயிர்விலை பெறும் அவ்வேளையில் பார்த்தனும் பரந்தாமனும் என்ன செய்தார்கள்? தேரை நிறுத்தினார்கள்.

அர்ஜுனன் அஸ்திரத்தால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை ஒன்றை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு மண்டபமும் அமைத்தான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, உடலைத் தேய்த்துவிட்டு, நீரூட்டி, தீனி கொடுத்து, களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் பூட்டினான். அதுவரை அர்ஜுனன் தேரைவிட்டு இறங்கி, தரையில் நின்று காவல் காத்தான். அத்தனை நேரம் செலவிட்டும் சபதம் தவறவில்லை. பொழுது சாயுமுன் அது நிறைவேறியது.

அன்று களைத்தவை குதிரைகள். இன்றைய பேருந்தின் எஞ்சினுக்குக் களைப்பில்லை. களைப்பு முழுவதும் ஓட்டுபவரின் உடலுக்கே. ஆகவே அன்று குதிரைகளுக்குக் கிடைத்த இளைப்பாறல் இன்று சாரதிக்குக் கிடைக்கவேண்டும். அதற்காகத் தேரைவிட்டு இறங்கிக் காவல் நிற்கவேண்டியவர்கள் பயணிகளாகிய நாமே.

யாத்திரைக் குழுக்களில் மூத்தவர்களின் சொல்லுக்கு என்றும் மதிப்புண்டு. திட்டம் வகுக்கும்போதே நீங்கள் இவற்றைக் கேட்கலாம். இரவும் பகலும் வண்டி ஓடுமெனில் ஓட்டுநர்கள் இருவர் உண்டா? நமக்கு விடுதியில் அறை எடுக்கும்போது அவருக்கும் ஒரு கட்டிலும் மின்விசிறியும் சேர்த்தே எடுத்தோமா? பகல் முழுவதும் ஓட்டியவரை இரவிலும் ஓட்டச் சொல்லாதபடி ஒரு நாள் கூட்டிக்கொண்டாலோ ஒரு தலத்தைக் குறைத்துக்கொண்டாலோ என்ன? உணவு வேளையில் அவரை நம் பந்தியிலேயே அமர்த்துவோம். பின்னாலிருந்து, "தம்பி, கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா? நடை சாத்திவிடுவார்களே!" என்று குரல் எழும்போது, "சாத்தினால் மறுபடி திறப்பார்கள், நிதானமாகவே போகட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும், பேருந்தே அடங்கிவிடும். அவர் கண் அசந்து வண்டியை ஓரங்கட்டினால், ஏன் நின்றது என்று கேட்காமல் அரைமணி நேரம் நாமஜபம் செய்யலாம். அதுவும் யாத்திரையின் ஒரு பகுதியே.

மற்றொன்றும் உண்டு. கோயில் வாசல்வரை நம்மைக் கொண்டு சேர்ப்பவர், பல தலங்களில் கோபுரத்தை மட்டும் கண்டு கைகூப்பித் திரும்பிவிடுகிறார். ஒரு தலத்திலாவது குழுவில் இருவர் வண்டிக்குக் காவலிருந்து, "நீங்கள் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்" என்று அவரை அனுப்பிவைக்கலாம். அது இயலாதபோது, திருநீறும் குங்குமமும் பிரசாதமும் கொண்டுவந்து முதலில் அவர் கையில் கொடுப்போம்.

போர் முடிந்த நாளில், முதலில் அர்ஜுனனைத் தேரைவிட்டு இறங்கச் சொல்லி, அவன் பத்திரமாக இறங்கிய பின்னரே கண்ணன் இறங்கினான். அவன் இறங்கியதும் தேர் தீப்பற்றி எரிந்தது என்கிறது சல்லிய பருவம். அதுவரை அதைத் தாங்கி நின்றது சாரதியின் அருள். நம் பேருந்திலும் கடைசியாக இறங்குபவர் அவரே. அடுத்த யாத்திரையில் படியிறங்கும்போது அவரிடம் நின்று, "நன்றாகக் கொண்டுவந்து சேர்த்தீர்கள் அப்பா, போய் நன்றாகத் தூங்குங்கள்" என்று இரண்டு சொல் சொல்லி வாழ்த்துவோம். பார்த்தசாரதியின் திருவருள் அவருக்கும் அவரை எதிர்நோக்கியிருக்கும் குடும்பத்துக்கும் துணைநிற்பதாக.