பிரயிலாவைச் சேர்ந்தவன் யார்?

துறைமுக நகரங்களைப் பற்றி எழுத நேரும்போது பலருக்கும் ஒரு வாக்கியம் தானாகவே வந்துவிடுகிறது: 'பல இனத்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்.' ருமேனியாவில் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள பிரயிலாவைப் பற்றியும் இப்படித்தான் எழுதப்படுகிறது. பல இனத்தவர் வாழ்ந்தது உண்மை. 'ஒற்றுமை' என்ற சொல்லைத்தான் என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க இயலவில்லை.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் துருக்கியரின் கோட்டை நகரமாக இருந்த பிரயிலா, 1829இல் வலாக்கிய அரசிடம் வந்தது. கோட்டை இடிக்கப்பட்டது. ஆற்றில் தொடங்கி, ஊரை அரைவட்டமாகச் சுற்றி, மீண்டும் ஆற்றிலேயே முடியும் தெருக்கள் அமைந்தன. 1836 முதல் 1883 வரை அது சுங்கவரியற்ற துறைமுகம். சமவெளியின் கோதுமையும் மக்காச்சோளமும் அங்கிருந்து கப்பலேறின. தானியத்தைத் தேடிக் கிரேக்கர், யூதர், ஆர்மீனியர், பல்கேரியர் எனப் பலரும் வந்தனர். பின்னாளில் பல்கேரிய அறிவியல் கழகமாக வளர்ந்த அமைப்பு 1869இல் தோன்றியதுகூட பல்கேரியாவில் அல்ல, பிரயிலாவில்தான். இவர்களை ஓரிடத்தில் சேர்த்தது வணிகம். அதில் இழிவொன்றுமில்லை, ஆனால் அதை அன்பு என்று பெயர்மாற்றி அழைக்க வேண்டியதில்லை.

பனாயித் இஸ்த்ராத்தி (1884–1935) அப்படி அழைக்கவில்லை. தந்தை கிரேக்கர், தாய் ருமேனியச் சலவைத் தொழிலாளி. எழுதியதோ, வளர்ந்தபின் கற்ற பிரெஞ்சு மொழியில். அவருடைய 'கிரா கிராலினா'வில் பிரயிலாவின் அக்காளும் தம்பியும் கப்பலில் கடத்திச் செல்லப்படுகிறார்கள். அந்த ஆற்றுவழியில் தானியம் மட்டும் போகவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனினும் என்னை உறுத்திக்கொண்டே இருப்பவர் மிஹாயில் செபாஸ்தியன். 1907இல் அதே ஊரில் பிறந்த யூதர். இயற்பெயர் யோசிஃப் ஹெக்தெர். 'இரண்டாயிரம் ஆண்டுகளாக' என்ற தம் நாவலுக்குத் தம் ஆசானும் தத்துவப் பேராசிரியருமான நயே யோனெஸ்குவிடம் முன்னுரை கேட்டிருந்தார். அவர் எழுதிக் கொடுப்பதற்குள் காலம் மாறிவிட்டது. யோனெஸ்கு வலதுசாரித் தீவிரவாதிகளின் பக்கம் சாய்ந்திருந்தார். முன்னுரையில் அவர் தம் மாணவரை இயற்பெயர் சொல்லி விளித்து, நீ டான்யூப் கரைப் பிரயிலாவின் மனிதன்தானா என்று கேட்கிறார். இல்லை, நீ பிரயிலாவின் யூதன் மட்டுமே என்று விடையையும் அவரே தருகிறார். யோனெஸ்குவும் பிரயிலாவில் பிறந்தவர்தான் (1890) என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஊரார் இன்னோர் ஊராரிடம் கேட்ட கேள்வி அது.

செபாஸ்தியன் அந்த முன்னுரையை ஒரு சொல்லும் நீக்காமல் 1934இல் நாவலோடு அச்சிட்டார். அதற்காக யூதர்களும் அவரைத் தாக்கினர், யூத வெறுப்பாளர்களும் தாக்கினர். குருபக்தி கண்ணை மறைத்துவிட்டது என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இன்று அப்படி எண்ணவில்லை. அதைக் கிழித்தெறிந்திருந்தால் யோனெஸ்கு எழுதியது இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக முடிந்திருக்கும். அச்சேறியதால், படித்தவர்களின் வெறுப்பு எவ்வளவு நயமான நடையில் பேசும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. மறு ஆண்டே 'நான் எப்படிப் போக்கிரியானேன்' என்ற நூலில் அவர் பதில் சொன்னார். யூதன், ருமேனியன், டான்யூப் கரைக்காரன் ஆகிய மூன்றில் எதையும் விட்டுத்தர அவர் ஆயத்தமாக இல்லை.

1940இல் யூதர் என்பதால் அவருடைய வேலை போயிற்று. நண்பர்கள் ஒவ்வொருவராக விலகியதை 1935 முதல் 1944 வரையிலான நாட்குறிப்பில், குரலை உயர்த்தாமல், எழுதி வைத்திருக்கிறார். அது 1996இல்தான் முழுநூலாக வெளிவந்தது. போரையும் கொலைகளையும் தப்பிப் பிழைத்தவர், 1945 மே மாதம் புக்கரெஸ்ட் தெருவில் லாரி மோதி இறந்தார். விரிவுரை ஒன்றை நிகழ்த்தப் போய்க்கொண்டிருந்தார்.