கிரகித்தலுக்குக் கைகொடுப்பது தாய்மொழி அறிவே

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் ஆங்கிலப் பாடம் குறித்த கவலை எழுவதும், சில வாரங்களில் அது அடங்கிப் போவதும் வழமையாகிவிட்டது. மூன்றாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்ற மாணவர் பலரால் ஆங்கிலத்திலுள்ள ஒரு சிறு பந்தியைத் தாமாகவே வாசித்து விளங்கிக்கொள்ள முடிவதில்லை. இந்நிலைக்கு ஆசிரியர் பற்றாக்குறையை மாத்திரம் காரணமாகக் கூறிவிட முடியாது.

எமது வகுப்பறைகள் பலவற்றில் கிரகித்தல் பயிற்சி நடைபெறும் முறையை நோக்குவோம். ஆசிரியர் பந்தியை வாசித்து அதன் பொருளைத் தமிழிற் கூறுகின்றார். மாணவரோ வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அது காணப்படும் வரியை அப்படியே கொப்பியில் எழுதுகின்றனர். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையை ஆரம்பித்தமை பற்றிய பந்தியொன்றில், எந்த ஆண்டு என்ற வினாவுக்கு இலக்கத்தைத் தேடிப்பிடித்தால் போதும். ஆனால் தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறியது ஏன் என்று வினவினால், கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தமையையும் தேயிலை பரவியமையையும் இணைத்துப் பார்க்க வேண்டும். உண்மையான கிரகித்தல் அங்குதான் ஆரம்பமாகின்றது.

வாசிப்பு மொழித்திறனில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. 1988 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 64 மாணவருக்கு பேஸ்போல் ஆட்டம் பற்றிய பந்தி வழங்கப்பட்டது. வாசிப்பிற் பின்தங்கியிருந்தும் அவ்வாட்டத்தை நன்கறிந்திருந்தவர்கள், வாசிப்பிற் சிறந்திருந்தும் அதனை அறியாதவர்களைவிட அப்பந்தியை நன்கு விளங்கிக்கொண்டனர். பிறர் உதவியின்றி ஒரு பந்தியை விளங்கிக்கொள்ள அதிலுள்ள 100 சொற்களில் ஏறத்தாழ 98 ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஆய்வாளர் கணிப்பாகும்.

இவற்றிலிருந்து எமது சமூகங்கள் பெறவேண்டிய பாடம் தெளிவானது. வரலாறு, விஞ்ஞானம் முதலிய பாடங்களில் தமிழில் பெற்ற அறிவு ஆங்கிலத்துக்குத் தடையன்று, அதுவே முதலீடாகும். மலையகச் சிறுவனுக்குத் தேயிலையும், யாழ்ப்பாண மாணவிக்குப் பனையும், கல்முனைப் பிள்ளைக்கு 2004 ஆழிப்பேரலையும் அந்நியமானவையல்ல. அத்தகைய பொருள்கள் பற்றிய எளிய ஆங்கிலப் பந்திகளிலிருந்து தொடங்கி, 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, மனித உடல், விண்வெளி எனப் படிப்படியாக அறியாத உலகுக்கு அவர்களை அழைத்துச் செல்ல முடியும்.

தாய்மொழியும் ஆங்கிலமும் எதிரிகள் என்ற எண்ணம் எமது முன்னோடிகளிடம் இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளையே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வி பெறவேண்டுமென வலியுறுத்திய சித்திலெப்பையே 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் ஆரம்பித்தார்.

1987 இன் 13 ஆவது திருத்தச் சட்டம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆயினும் அந்த இணைப்பு நகரத்து வசதிபடைத்தோருக்கே பெரிதும் கிட்டுகின்றது. பின்தங்கிய பாடசாலையொன்றிலிருந்து தமிழ்மொழிமூலம் மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குத் தெரிவாகும் மாணவர், ஆங்கில நூல்களைக் கண்டு முதலாண்டிலேயே திகைத்து நிற்கின்றனர். திறமை குன்றியதால் அன்று, வாசிப்புப் பழக்கம் கிட்டாததாலேயே அவர்கள் இவ்வாறு இடர்ப்படுகின்றனர்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. நூறு, நூற்றைம்பது சொற்கள் கொண்ட பொது அறிவுப் பந்தியொன்று, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மூன்று வினாக்கள், அவற்றுள் ஒன்றேனும் 'ஏன்' என்பதாக இருத்தல் போதுமானது. பந்திக்குரிய பொருளை வரலாறு, விஞ்ஞான ஆசிரியர்கள் முன்கூட்டியே தமிழில் கற்பித்திருந்தால் ஆங்கில ஆசிரியரின் சுமையும் குறையும். ஆனால் இப்பந்திகளுக்கும் மாதிரி விடைகள் அச்சிடப்பட்டு மனனம் செய்விக்கப்படுமாயின் பயன் எதுவும் விளையாது.

வலயக் கல்வி அலுவலகங்களும் அதிபர்களும் இதனை அடுத்த தவணையிலேயே ஆரம்பிக்கலாம். எமது பிள்ளைகளிடம் அறிவு இருக்கின்றது. அந்த அறிவைக் கொண்டே ஆங்கிலத்தை அணுகும் வழியை அவர்களுக்குக் காட்டவேண்டியது எமது பொறுப்பாகும்.