இணையப் பக்கத்திற்குத் தலைப்பு இடுதல்

மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டியை அடுத்து, மேற்கே மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும் இடத்தில் எழுமலை என்னும் பேரூர் உள்ளது. பணியினின்று ஓய்வுபெற்றபின் யான் வாழ்ந்து வருவது அவ்வூரிலேயாகும். ஒருநாள் என் பேரன் கைபேசியில் எங்கள் ஊரின் பெயரை எழுதித் தேடினான். எழுதிய விரைவில் முதலெழுத்தை நெடிலாக்கி, 'ஏழுமலை' என்று எழுதிவிட்டான். திருப்பதி மலையும், ஏழுமலை என்னும் பெயருடைய மாந்தர் பலரும் திரையில் வந்து நின்றனர். எங்கள் ஊர் வரவில்லை. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏழு என்னும் எண்ணுப்பெயர் பிற சொல்லோடு புணருங்கால் முதல் குறுகி 'எழு' என நிற்றல் இலக்கணம் உடன்பட்டதே. எழுபது, எழுபிறப்பு என்பவற்றைக் காண்க. எனினும், ஒரு மாத்திரை மிகுந்ததனால் ஓர் ஊரே மறைந்துபோவதைக் கண்டு வியப்புற்றேன். பெயரின் அருமையை அன்று புதிதாக உணர்ந்தேன்.

மாணவர்களே! ஒரு செய்தியை அறிய விரும்புவோர் இன்று பெரும்பாலும் தேடுபொறியையே நாடுகின்றனர். அப்பொறி, நாம் கேட்ட பின்னர் உலகெங்கும் ஓடித் தேடுகின்றது என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்பதை முன்னரே படித்து, நூலின் இறுதியில் இடும் சொல்லடைவைப் போன்ற ஓர் அடைவினை அது செய்து வைத்திருக்கின்றது. நாம் கேட்டவுடன் அவ்வடைவைப் பார்த்து, பொருத்தமுடையனவாகத் தோன்றும் பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகின்றது. பொருத்தம் காண்பதற்கு அது கொள்ளும் அடையாளங்கள் பல. அவற்றுள் தலைப்பும் ஒன்று. தேடுகின்றவருக்கோ தலைப்பே முதன்மையானது. பத்துத் தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும்போது, எதனைத் திறப்பது என்று அவர் முடிவு செய்வது பெரும்பாலும் அவ்வொரு வரியைக் கண்டேயன்றோ?

பெயரிடுதலைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியுள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குப் பெயர் அமையும் வகைகளைத் தொகுத்துரைத்தார். செய்தவனால் பெயர் பெற்றது அகத்தியம். அளவினால் பெயர் பெற்றது பன்னிரு படலம். பொருளால் பெயர் பெற்றது அகப்பொருள். செய்வித்தவனால் பெயர் பெற்றது இளந்திரையம். தன்மையால் பெயர் பெற்றது சிந்தாமணி. இவ்வாறு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகள் கூறிச் செல்வர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரிடும் முறையை வகுத்த நன்னூலே தன்மையால் பெயர் பெற்ற நூல். அப்பெயரை மட்டும் கேட்ட ஒருவன், அஃது இலக்கண நூல் என்று எவ்வாறு அறிவான்? சமையல் நூலும் நன்னூலாக இருக்கலாமே! பவணந்தியாரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. அக்காலத்து மாணாக்கன் நூலைத் தானே தேடிச் சென்றவன் அல்லன். ஆசிரியர் அருகிலிருந்து அதன் பெயரையும் பொருளையும் பயனையும் உரைத்தார். இன்று தேடுபொறியின் முன் இருப்பவன் தனியன். அவனுக்கு விளக்கிச் சொல்ல அருகில் எவருமிலர். ஆதலின், இணையப் பக்கத்திற்குப் பொருளால் அமைந்த பெயரே ஏற்றது என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க எண்ணினாள். உதவி அளிக்கும் அமைப்பு அதற்கெனத் தனிப்பக்கம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டிருந்தது. அதன் தலைப்பு, 'முக்கிய அறிவிப்பு' என்பதே. யாருக்கு முக்கியம்? எதனைப் பற்றிய அறிவிப்பு? அம்மாணவி 'உதவித்தொகை', 'கல்லூரி', 'விண்ணப்பம்' என்னும் சொற்களை மாற்றி மாற்றி எழுதித் தேடினாள், கிட்டவில்லை. தோழி ஒருத்தியின் வாயிலாக அப்பக்கத்தை அவள் கண்டபோது, இறுதி நாள் கடந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அவள் தந்தை கூலி வேலை செய்பவர். அறிவிப்பை எழுதியவர் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருப்பார். எனினும் பொருளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வாயிலை மறைத்தவரே அவர் என்பேன்.

உழவர்க்கும் இந்நிலையே. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நீங்கள் அறிவீர்கள். மல்லிகைச் செடியை மொட்டுப்புழு தாக்கும். அதனைத் தடுக்கும் முறையை அறிஞர் ஒருவர் எழுதி, 'உழவர் பெருமக்களே, கவனியுங்கள்!' என்று தலைப்பிட்டால், அப்பக்கம் தேடும் உழவரின் கண்ணிற்பட்டாலும் அவர் அதனைக் கடந்தே செல்வார். 'மல்லிகையில் மொட்டுப்புழு: தடுக்கும் முறை' என்று எழுதினால் நின்று திறப்பார். அவர் 'மல்லிகை' என்று தேடுவாரா, 'மல்லி' என்று தேடுவாரா என்பதையும் எண்ண வேண்டும். இலக்கியச் சொல்லையே போற்றி வளர்ந்த எனக்கு இவ்விடத்தில் சிறிது தயக்கம் உண்டு. ஆயினும் தேடுபவரின் நாவில் உள்ள சொல் தலைப்பிலோ அதனை அடுத்த வரியிலோ இருத்தல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

தமிழுக்கென்று தனியே எண்ணத்தக்கதும் ஒன்று உண்டு. நம் மொழியில் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் திரியும். குளம் என்பது குளத்தை, குளத்தில், குளங்கள் என்றாகும். எல்லாப் பொறிகளும் எல்லா இடத்தும் இத்திரிபுகளை அறிந்துகொள்ளும் என்று நம்பியிருத்தல் தகாது. ஆதலின் தலைப்பின் முதன்மைச் சொல்லைத் திரியாத எழுவாய் வடிவில் வைத்தல் நன்று. அச்சொல்லை முதலிலேயே வைத்தலும் நன்று. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. கைபேசியின் திரையோ குறுகியது. நீண்ட தலைப்பின் வால் வெட்டப்படும்.

இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. வலைப்பக்கங்களை எழுதும் மொழிக்கு 1995-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பாரும் டான் கானலி என்பாரும் வகுத்த வரையறையிலேயே, தலைப்பு 64 குறிகளுக்குள் அடங்குதல் நலம் என்று கூறப்பட்டுள்ளது. 'முன்னுரை' என்பது போன்ற தலைப்பு, நூலைவிட்டுத் தனித்து நிற்கும்போது பொருளற்றதாகும் என்றும் அதில் எச்சரித்துள்ளனர். முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் 'முகப்பு' என்றும் 'பக்கம் 1' என்றும் பெயர் தாங்கிய பக்கங்களைக் காண்கின்றோம்.

இனி, சிலர் எதிர்முனைக்குச் செல்வர். 'மதுரை மல்லி மல்லிகை மல்லி விலை மதுரை மல்லிகை' என்று சொற்களை அடுக்குவதே தலைப்பு என்று கருதுவர். முன்னாளில், பக்கத்தினுள் மறைவாக அமையும் திறவுச்சொல் பட்டியலில் தொடர்பற்ற சொற்களைக் குவித்துப் பொறியை மயக்கினோரும் உண்டு. அப்பட்டியலைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009-இல் அறிவித்தது. எழுதியவர் இட்ட தலைப்புப் பொருந்தாதெனக் கண்டால், பக்கத்தினுள் உள்ள வேறு வரியை எடுத்துத் தலைப்பாகக் காட்டும் வழக்கமும் அந்நிறுவனத்திற்கு உண்டு. தம் பிள்ளைக்குப் பிறர் பெயர் மாற்றி வைப்பதை யார் விரும்புவர்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்பவரின் காலத்தை மிச்சப்படுத்துக என்பது அவற்றுள் நான்காவது. இணையம் தோன்றுவதற்கு முன்னரே கூறப்பட்ட இவ்விதி, தலைப்பிடுவோர் அனைவர்க்கும் பொருந்துவதாகும்.

பிறர்க்கு இவ்வளவு கூறும் யான் பிழை செய்யாதவன் அல்லன். எங்கள் ஊர்ப்பெயரை ஆராய்ந்து, மாணவர் சிலருக்காகக் கட்டுரை ஒன்று எழுதினேன். 'மலைமுகம் கண்ட மாநிலம்' என்று மோனை நயம்படத் தலைப்பிட்டு, அதில் பெரிதும் மகிழ்ந்திருந்தேன். இணையத்தில் ஏற்றிய பின், ஆறு திங்களாக ஒருவரும் அதனைப் படித்ததாகத் தெரியவில்லை. என் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, தாங்கள் பொறுத்தருள வேண்டும்" என்று சொல்லி, 'எழுமலை: ஊர்ப்பெயர்க் காரணம்' என்று தலைப்பை மாற்றினார். எனக்குச் சினமே வந்தது. சில நாள்களில், வெளியூரில் வாழும் எழுமலைக்காரர் ஒருவர், தம் மகளுக்கு ஊரின் பெயரை விளக்கத் தேடியபோது அக்கட்டுரை கிடைத்தது என்று எழுதியிருந்தார். ஒரு பிழையையும் சுட்டியிருந்தார். அதனைத் திருத்தினேன். மோனைத் தலைப்பை விட்டுவிட மனமின்றி, இரண்டாம் வரியில் சிறிய எழுத்தில் இருக்கட்டும் என்று அம்மாணவரிடம் கேட்டுக்கொண்டேன்.