கூட்டறிக்கையில் எங்கள் தெரு எங்கே?

பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடிக் கல்விச் சுதந்திரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். காப்பாற்றட்டும். ஆட்சியில் இருக்கிறவன் பாடத்திட்டத்தில் கை வைப்பதையும், துணைவேந்தர் நாற்காலியில் தன் ஆளை உட்கார வைப்பதையும் தலித்துகளாகிய நாம் எதிர்க்காமல் வேறு யார் எதிர்ப்பது? முதல் அடி விழுவது நம் முதுகில்தானே. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். எந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள்? அது எங்களுக்கு எப்போது இருந்தது?

2015 ஆகஸ்டில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்கும் ஏபிவிபிக்கும் தகராறு. அந்தப் பல்கலைக்கழகம் சாதிவாத, தேசவிரோத அரசியலின் கூடாரமாகிவிட்டதென்று மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, கல்வித் துறையை வைத்திருந்த ஸ்மிருதி இரானிக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்களை நிர்வாகம் விடுதியை விட்டு வெளியேற்றியது. அவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கிற சேரிக்கு அதுதான் பெயர். 2016 ஜனவரி 17ல் ரோகித் வெமுலா உயிரை விட்டார். ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வரவேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

இதை ‘அரசியல் தலையீடு’ என்று மட்டும் சொல்லிக் கணக்கை முடித்துவிடலாமா? டெல்லியிலிருந்து கடிதம் வந்தது உண்மை. அதை வாங்கி நிறைவேற்ற உள்ளே ஒரு கை தயாராக இருந்ததே, அது யாருடைய கை? 2008லேயே அதே வளாகத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து போன நம் பிள்ளை செந்தில்குமார் செத்துப்போனார். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தும் நெறியாளர் ஒதுக்கப்படாமலே கிடந்தவர். அப்போது எந்த மந்திரி கடிதம் எழுதினான்?

இதுதான் விஷயம். வெளியே இருந்து வருகிற அரசியலுக்கு உள்ளே இருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடுவது சாதி. தாழ்ப்பாளைப் பற்றிப் பேசாமல் கதவுக்குக் காவல் போடுவோம் என்கிறவர்களை நாம் எப்படி நம்புவது?

இன்னும் பாருங்கள். 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். காரணம், அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடுதாசி! கையெழுத்து இல்லாத கடுதாசிக்கு இருந்த மரியாதை, பெயர் சொல்லிப் படித்த பிள்ளைகளுக்கு இல்லை. ஜூன் 7ஆம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. கிடைக்க வைத்தது யார்? போராடிய மாணவர்கள். எந்தத் துணைவேந்தர் வீதிக்கு வந்தார்?

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும் தூக்கி எறிந்தது. பாமா எங்கள் பழைய பிரிக்கப்படாத இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். தலித் பெண்கள் இருவரின் இடத்தில் ரமாபாய் ரானடேயைக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்விக்குழு உறுப்பினர்கள் பதினைந்து பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். வெட்டச் சொன்ன மேற்பார்வைக் குழுவில் ஒரு தலித்தோ பழங்குடியோ இல்லையே என்றும் கேட்டார்கள். அந்தப் பதினைந்து பேருக்கு நம் வணக்கம். ஆனால் தோழர்களே, அந்தக் குழுவில் நம் ஆள் ஒருவரும் இல்லாமல் போனது அந்த ஒரு வருஷத்திலா நடந்தது?

வடக்கே மட்டும்தான் இப்படி என்று இங்கே யாரும் மார் தட்ட வேண்டாம். 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஏபிவிபி கண்ணை உருட்டியதும் அருந்ததி ராயின் புத்தகத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. 2023 ஜூனில் ஆளுநர் பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறார் என்று, கருப்பு உடை உடுத்தி வராதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டது சேலத்துப் பல்கலைக்கழகம். அதன் பெயர் என்ன? பெரியார் பல்கலைக்கழகம்! கூச்சல் எழுந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷத்துக்கு முன், 2022 ஜூலையில், எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி: தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? கீழே நான்கு சாதிப் பெயர்கள், சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி. கருப்புச் சட்டைக்குப் பயந்தது அரசியல் நெருக்கடி என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்வியை எந்தக் கவர்னர் எழுதச் சொன்னார்? எந்த மந்திரி மிரட்டினார்? பூரண கல்விச் சுதந்திரத்தோடு, யாரும் கேட்காமலே எழுதிய கேள்வி அய்யா அது!

‘தன்னாட்சி’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். ஐஐடிகள் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்கள், ஆகவே ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று ஐஐடி இயக்குநரின் தலைமையிலேயே இருந்த ஒரு குழு 2020ல் பரிந்துரைத்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் இடங்களைப் பல்கலைக்கழகம் முழுதாகக் கணக்கிடாமல் துறை துறையாகக் கூறு போடச் சொன்னது. அந்தக் கணக்கில் ஏழாவது இடம் வந்தால்தான் தலித்துக்கு, பழங்குடிக்குப் பதினாலாவது. மூன்று பேர் இருக்கிற துறையில் ஏழாவது இடம் எந்தத் தலைமுறைக்கு வரும்? அதை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களும் மாணவர்களும்தான். 2019 மார்ச் 5ல் முழு அடைப்பு. அந்த வாரமே அவசரச் சட்டம். பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி அந்தச் சட்டத்தை வாங்கித் தரவில்லை. நம் சனம் ஒன்றுகூடி வாங்கியது.

ஜேஎன்யுவில் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுக்கிற நம் பிள்ளைகளுக்கு நேர்முகத்தில் மார்க் குறைகிறது என்பதைப் பேராசிரியர் அப்துல் நஃபே குழு 2016ல் எண்களை வைத்தே காட்டியது. நேர்முக மதிப்பெண்ணை 30லிருந்து 15 ஆக்கச் சொன்னது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அரசியல்வாதிகள் அல்ல. முற்போக்குப் பேசுகிற பேராசிரியர்களும்தான்.

இனி கடல் கடந்து போவோம். 1913ல் அம்பேத்கர் போய்ப் படித்தாரே, அந்தக் கொலம்பியா பல்கலைக்கழகம், டிரம்ப் அரசு 40 கோடி டாலரை நிறுத்தியதும் 2025 மார்ச்சில் பணிந்தது. ஹார்வர்ட் பணியமாட்டேன் என்று ஏப்ரல் 21ல் வழக்குப் போட்டது. மறுநாள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்கள் கூட்டறிக்கை விட்டார்கள். எண்ணிக்கை பிறகு பல நூறானது. பாராட்டுவோம். இங்கே அப்படி ஒரு கூட்டறிக்கை விடத் துணிந்த துணைவேந்தர்கள் எத்தனை பேர்? ஆனால் வழக்குப் போட்ட ஒரு வாரத்திலேயே, ஏப்ரல் 28ல், ஹார்வர்ட் தன்னுடைய பன்மைத்துவ, சமத்துவ அலுவலகத்தின் பெயரை மாற்றியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அதற்கு ஒரு மாதம் முன்பே தன் அலுவலகத்தை மூடிவிட்டது. புயல் வந்தால் கப்பலிலிருந்து முதலில் தூக்கி வீசுகிற மூட்டை எது? அங்கே கருப்பர்கள். இங்கே நாம்.

உப்பூர்க் கடற்கரையில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று எங்கள் ஊருக்கு வந்தார்கள். 2021ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கடலுக்குக் கேடா இல்லையா என்று அரசுக்கும் கம்பெனிக்கும் பயப்படாமல் சொல்லுகிற ஆராய்ச்சியாளன் எங்களுக்கு வேண்டும். பயந்த பல்கலைக்கழகத்தால் கடற்கரைச் சனத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

எங்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் காரைக்குடி அழகப்பா, அல்லது மதுரை காமராசர். இங்கேயிருந்து பஸ் ஏறிப் போகிற பிள்ளை ஒருத்தி 1957 முதுகுளத்தூரையும் இமானுவேல் சேகரன் கொலையையும் 2011 செப்டம்பர் 11ல் பரமக்குடியில் போலீஸ் சுட்டதையும் ஆராய்ச்சி செய்யக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? “வேற தலைப்பு எடும்மா, இது வில்லங்கமான தலைப்பு. நீ டிகிரி வாங்கிட்டுப் போக வேணாமா?” மிரட்டலாக வராது, அக்கறையாக வரும். அந்தக் குரல் எந்த ராஜ்பவனிலிருந்தும் வருவதில்லை. எந்தக் கூட்டறிக்கையிலும் அந்தக் குரலைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை.

1918ல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியர் அம்பேத்கர் பொதுப் பானையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஆட்சேபித்தவர்கள் சக பேராசிரியர்கள். வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு இல்லை அது.

ஆகவே ஒன்றுசேருங்கள், நாங்களும் வருகிறோம். ஆனால் கூட்டறிக்கையின் முதல் பக்கத்தில் இவையும் இருக்கட்டும். காலியாகக் கிடக்கிற ஒதுக்கீட்டு ஆசிரியர் இடங்களை நிரப்பு. நேர்முகத் தேர்வைப் பதிவு செய். தண்டனை என்று சொல்லி மாணவரின் உதவித்தொகையில் கை வைக்காதே. புகார் வந்தால் விசாரிக்கிற குழுவில் எங்கள் ஆளை உட்கார வை. தலைப்பு வில்லங்கம் என்று எந்த ஆராய்ச்சியையும் திருப்பி அனுப்பாதே. இவற்றைச் செய்ய டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. ஆளுநரின் கையெழுத்தும் வேண்டாம். உங்களிடம் இப்போதே இருக்கிற சுதந்திரம் போதும்.

அதைச் செய்யாமல் ஒன்றுசேர்கிறவர்கள் தங்கள் நாற்காலிகளுக்காக ஒன்றுசேர்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பது நம் வேலை இல்லை.