வீணாகும் வெப்பம் வியாபாரத்துக்கு உதவட்டும்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரில் குளிர்காலத்தில் கடைவீதியைப் பனி மூடிவிடும். 1988 முதல், மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தால் சூடான நீரை நடைபாதைக்கு அடியில் குழாய்களில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். வாடிக்கையாளர் வழுக்கி விழாமல் கடைக்கு வருகிறார்.

கட்டுமாவடியில் பனிக்கட்டி பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை உண்டு. அப்போது கருவாடு காயாமல் புழுத்துப்போகிறது. நஷ்டம் மீனவருக்கும் வியாபாரிகளாகிய நமக்கும்தான். அதே வேளையில், ஐஸ் கம்பெனி தண்ணீரை உறையவைக்க உறிஞ்சிய வெப்பத்தையெல்லாம் வெளியே கொட்டுகிறது. அது இளஞ்சூடுதான். ஆனால் கருவாட்டுக்கு அதுவே ஏற்றது. சூடு மிஞ்சினால் மீன் வெந்துவிடும்.

சங்கம் முன்நின்று ஐஸ் கம்பெனியாரையும் மீனவரையும் கூட்டிப் பேசட்டும். அடுத்த அடைமழைக்கு முன் சிறிதாக ஓர் உலர்த்தும் அறை கட்டிப் பார்ப்போம்.