அம்பது ரூவா கம்பி ரொம்ப மலிவாங்க?

"அம்பது ரூவால முடியிற சோலிக்கு எதுக்குய்யா கூண்டு?"

எங்க கழுகுமலைப் பக்கம் மக்காச்சோளம் போட்ட யார்கிட்ட வேணும்னாலும் பன்னிப் பேச்சை எடுத்துப் பாருங்க. மூணாவது வாக்கியத்துல இது வந்து விழும். அம்பது ரூவாங்கிறது பைக்கோட கிளட்ச் கம்பி. பழசுன்னா மெக்கானிக் கடையில சும்மாவே கிடைக்கும். பன்னி தினமும் நுழையிற கடவு பார்த்து, ஒரு சுருக்குப் போட்டு, பக்கத்துக் கருவேல மூட்டுல கட்டிட்டா முடிஞ்சது. காலையில போய்ப் பார்த்துக்கலாம்.

இது ஒரு கோஷ்டி. இன்னொரு கோஷ்டி பட்டணத்துல இருக்கு. கம்பியில மாட்டின மிருகத்தோட போட்டோவைப் பார்த்து மனசு உடைஞ்சு, "இவ்வளவு கொடூரம் எதுக்கு, ஒரு கூண்டு வச்சுப் பிடிக்கலாமே"ன்னு கேக்கிற நல்லவங்க. மக்காச்சோளம்னா தியேட்டர்ல பாப்கார்ன்னு தெரிஞ்சவங்க :-)

ரெண்டு கோஷ்டியோடவும் எனக்குச் சண்டை இருக்கு. இன்னிக்குப் போட்டுருவோம்.

முதல்ல, பன்னி பண்ற சேதம் கட்டுக்கதை இல்ல. எங்க ஊரு கரிசல், முழுக்க மானாவாரி. கம்பும் சோளமும் பருத்தியும் போட்டுக்கிட்டிருந்த நிலத்துல இப்போ பாதிக்கு மேல மக்காச்சோளம்தான் கண்ணுக்குப் படுது. புரட்டாசியில புழுதி விதைப்பு விதைச்சுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். மழை பெய்யணும், அதுவும் அளவாப் பெய்யணும். 2018ல படைப்புழுன்னு ஒண்ணு வந்து குருத்துக்குள்ள உட்கார்ந்துச்சு, அன்னையில இருந்து மருந்துச் செலவு தனி. இதையெல்லாம் தாண்டி கதிர் பால் பிடிக்கிற நேரத்துல, ராத்திரி ஒரு கூட்டம் பன்னி இறங்கும். தின்கிறது கொஞ்சம்தான். தட்டையை ஒடிச்சுச் சாய்ச்சு, மிதிச்சுப் புரண்டு நாசம் பண்றதுதான் அதிகம். மறுநாள் காலையில அந்தக் காட்டைப் பார்த்தவன்கிட்ட போய் ஜீவகாருண்யம் பேசுறவனுக்கு அடி விழாம இருந்தா அது அவன் முன்னோர் செஞ்ச புண்ணியம்.

ஆக, பன்னியைப் பிடிக்கணும். எதை வச்சுப் பிடிக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

கம்பிக்காரங்க கணக்கை எடுத்துக்குவோம். கிளட்ச் கம்பிங்கிறது முறுக்கின எஃகு இழை. மாட்டினது இழுக்க இழுக்க இறுகும், விட்டாலும் தளராது. கழுத்துல விழுந்தா மூச்சு போகும். காலிலோ இடுப்பிலோ விழுந்தா அறுத்துக்கிட்டே போகும், ரெண்டு நாள் கூட உயிர் இருக்கும். அதைவிட முக்கியம், வர்றது யாருன்னு அதுக்குத் தெரியாது. குருமலைக் காட்டுல இருந்து இறங்குற புள்ளிமான் வரும், முயல் வரும், கிடை போட்டிருக்கிறவரோட ஆடு வரும்.

நாயும் வரும். எங்க சித்தப்பா ஒரு கன்னி நாய் வச்சிருந்தார். கன்னியும் சிப்பிப்பாறையும் எங்க மண்ணோட நாய்னு பெருமை பேசுற ஊருதான் இது. மூணு வருசத்துக்கு முன்னாடி ராத்திரி காவலுக்குக் கூடப் போன நாய், பக்கத்துக் காட்டு வரப்புல பின்னங்கால் மாட்டிக்கிச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்து, கட்டிங் பிளேயர் தேடி எடுத்துட்டு வந்து வெட்டி விடுறதுக்குள்ள எலும்பு தெரிஞ்சிருச்சு. காலை எடுத்தாச்சு. டாக்டருக்கும் ஆட்டோவுக்கும் சித்தப்பா செலவழிச்சதை வச்சு எத்தனை கிளட்ச் கம்பி வாங்கலாம்னு நீங்களே போட்டுக்கோங்க. கம்பி கட்டினது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவர் கணக்குல இன்னமும் அம்பது ரூவாதான் செலவு. நான் சொல்ல வர்றது இதுதான். கம்பி மலிவு இல்ல. வாங்கினவன் அம்பது ரூவா கட்டுறான், மிச்சத்தை வேற யாரோ கட்டுறாங்க.

இன்னொரு சங்கதி. அறுப்பு முடிஞ்சதும் இந்தக் கம்பிகளை யாராவது அவிழ்த்து எடுக்கிறாங்களா? தையில தட்டை அறுத்து, மாசியில காடு காலியாகி, சித்திரை வெயில்லயும் அது கருவேல மூட்டுல வாயைத் திறந்துக்கிட்டு அப்படியேதான் தொங்குது.

இதோட பங்காளிகளும் மலிவுதான். கம்பத்துல கொக்கி போட்டு வேலிக்கு இழுக்கிற திருட்டுக் கரண்டு, பழத்துக்குள்ள வெடி வச்ச அவுட்டுக்காய். 2023 மார்ச்சில தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் பன்னிக்குப் போட்ட கரண்டு வேலியில மூணு பெண் யானைங்க செத்துக் கிடந்ததும், ரெண்டு குட்டிங்க அதையே சுத்திச் சுத்தி வந்ததும் எல்லாரும் பார்த்ததுதான். 2020 மே மாசம் பாலக்காட்டுல வாய் சிதைஞ்சு தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செத்த கர்ப்பிணி யானையும் வெடி வச்ச காயைத்தான் கடிச்சிருந்துச்சு. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போய் பக்கத்துக் காட்டு வேலியில கை வச்சுச் செத்த மனுசங்க செய்தி பேப்பர்ல எட்டாம் பக்கத்துல ஒரு துண்டாத்தான் வரும்.

சட்டக் கணக்கும் இருக்கு. 1972ஆம் வருச வனவிலங்குச் சட்டத்துல வேட்டைங்கிற சொல்லுக்குச் சுடுறது மட்டும் அர்த்தமில்ல. சுருக்கு வைக்கிறது, பொறி வைக்கிறது எல்லாமே வேட்டைதான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்ததுக்கு அப்புறம் காட்டுப்பன்றி ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. மாட்டினா மூணு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். முதல் பட்டியல்ல உள்ள எறும்புத்தின்னி மாதிரி ஏதாவது சிக்கிடுச்சுன்னா குறைஞ்சபட்சமே மூணு வருசம். அம்பது ரூவா எங்க போய் நிக்குதுன்னு பார்த்தீங்களா?

இப்போ கூண்டு கோஷ்டிக்கு வருவோம். ரொம்பக் கைதட்டாதீங்க.

ஆங்கிள் இரும்பு, வெல்டு மெஷ், மேல இருந்து விழுற கதவுன்னு பட்டறையில செஞ்சு வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகும். மூணு ஏக்கர் மானாவாரிக்காரர் அதை எங்க இருந்து எடுப்பார்? சரி, கடன் வாங்கியே செய்யட்டும். மேல சொன்ன சட்டத்தைத் திரும்ப ஒரு தடவை படிங்க. பொறியும் வேட்டை. அனுமதி இல்லாம சொந்தக் காசுல நல்ல கூண்டு வாங்கி வச்சவருக்கும், கிளட்ச் கம்பி கட்டினவருக்கும் சட்டத்துல பேரு ஒண்ணுதான். "கூண்டு வைங்களேன்"னு விவசாயிக்கு யோசனை சொல்றவங்க, ஜாமீனுக்கும் நீங்களே வருவீங்களா?

அடுத்தது, சின்னக் கூண்டு பன்னிக்கு வாத்தியார். பன்னி கூட்டமாத் திரியிற சாதி, மூளையுள்ள சாதி. ஒத்தைக் கூண்டுல ரெண்டு குட்டி மாட்டும், மீதிக் கூட்டம் வெளிய நின்னு பார்த்துப் பாடம் படிச்சுக்கும். அப்புறம் வேற எவன் கூண்டு வச்சாலும் கிட்டயே வராது. அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலத்துக்காரங்களுக்குப் பன்னி நம்மளைவிடப் பெரிய தலைவலி. அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இதைத்தான். அதனால பெரிய வட்டப் பட்டி அடிக்கிறாங்க. கதவைத் திறந்தே வச்சு, நாள்கணக்குல மக்காச்சோளத்தைப் போட்டுப் பழக்குறாங்க. மொத்தக் கூட்டமும் பயமில்லாம உள்ள வந்ததுக்கு அப்புறம்தான் கதவு விழும். கேமரா படம் போனுக்கு வந்து, வீட்டுல இருந்தே கதவை விடுற ஏற்பாடெல்லாம் இருக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா அரைகுறைச் செலவு பண்றது செலவே பண்ணாம இருக்கிறதைவிட மோசம்.

நல்ல பொறி எதுன்னு வாங்குறவன் இஷ்டத்துக்கு விடாத நாடுகளும் இருக்கு. கனடாவில இன்னமும் ரோமத்துக்காக மிருகம் பிடிக்கிறாங்க. அந்தத் தொழில்லயே, மிருகம் எவ்வளவு நேரம் துடிக்கலாம்னு அளவு வச்சு, 1997ல ஐரோப்பிய ஒன்றியத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. அதுல வர்ற மிருகத்துக்குச் சோதிச்சுச் சான்று கொடுத்த பொறியைத்தான் வைக்கணும். ரோமம் வித்துக் காசு பார்க்கிறவனுக்கே இந்த விதின்னா, பயிரைக் காப்பாத்த நிக்கிறவனுக்கு நல்ல பொறியை அரசாங்கமே கொண்டுவந்து வைக்கிறதுல என்ன கஷ்டம்?

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு எடுத்துச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னியைத் தொடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு அப்பால வனத்துறை ஆட்களே சுடலாம். வனவர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் உள்ள குழு முதல்ல பார்க்கணும். கேரளாவில 2022லயே உள்ளாட்சித் தலைவர்கள் கையில அதிகாரத்தைக் கொடுத்துட்டாங்க, நாம அந்த அளவுக்குப் போகலை. போகட்டும்.

ஆனா இந்தக் கிலோமீட்டர் கணக்கு மலையடிவாரத்துக்குப் போட்டது. எங்க பன்னி காப்புக்காட்டுல இருந்து டியூட்டிக்கு வந்துட்டுத் திரும்பிப் போற பன்னி இல்லீங்க. கண்மாய்க்குள்ளயும் ஓடையிலயும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்துக்குள்ளயே படுத்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே பேரன் பேத்தி பார்க்குது. இதை எந்தக் காட்டுல கொண்டுபோய் விடுவீங்க? அது எந்தக் காட்டுல இருந்தும் வரலையே. கருவேலத்தை வெட்டாம பன்னியை விரட்டுறது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற வேலை.

மலை மேல ஆயிரம் வருசத்துக்கு முந்தின சமணச் சிற்பங்கள் வரிசையா இருக்கு, கொல்லாமை சொன்னவங்க, கீழ கம்பி தொங்குதுன்னு உருக்கமா எழுதலாம்தான். எனக்கு உருக்கம் வேண்டாம், கணக்கு போதும்.

கேக்கிறது இவ்வளவுதான். வனச்சரகத்துக்கு ரெண்டு மூணு பெரிய பட்டிப் பொறி, கழட்டி மாட்டுற மாதிரி. கதிர் பால் பிடிக்கிறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா வந்து நிக்கணும், சேதத்துக்கு அப்புறம் இல்ல. காப்புக்காட்டுத் தூரத்தோட கண்மாய்க் கருவேலத்தையும் கணக்குல எடுக்கணும். காட்டு விலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டுல 2026 காரீப்ல இருந்து சேர்க்கலாம்னு மத்திய அரசு 2025 நவம்பர்ல சொல்லிருக்கு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டோவோட செயலியில ஏத்தணுமாம். அதை ஏத்திக் கொடுக்க ஊருக்கு ஒரு ஆளு வேணும். அறுப்பு முடிஞ்சதும் ஒருநாள் நூறுநாள் வேலைக்கு வர்றவங்களையே கூட்டிக்கிட்டு வரப்பு வரப்பாப் போய்க் கம்பிகளை அவிழ்க்கச் சொன்னாலும் போதும்.

மனு எழுதி வச்சிருக்கேன். எங்க தெருவுல பதினோரு கையெழுத்து விழுந்தாச்சு. அதுல மூணு பேரு கம்பி கட்டுறவங்கதான், யாருன்னு சொல்ல மாட்டேன். கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மக்கா யாராவது இதைப் படிச்சா, உங்க ஊரு ஆளுகளையும் கூட்டிட்டு வாங்க. புரட்டாசிக்கு முன்னாடி கொடுத்தாகணும்.