புகைப்படத்தைப் பார்த்து வரைவோர்க்கு

“புகைப்படம் இருக்கையில் ஊர் ஊராய் அலைந்து வரைவானேன்?” என நம்மிடம் கேட்டார் நண்பர் ஒருவர். கேட்டவர் ஓவியர் என்பதே நம் வருத்தம். ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிலைகளின் முன்னமர்ந்து வரைந்தார். அன்றும் புகைப்படக் கருவி இருக்கத்தான் செய்தது. கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வரைபவரோ, வெயில் நகர நகர மாறும் சிலையின் முகத்தில் எந்த நிழலைக் கொள்வது, எதைத் தள்ளுவது எனக் கோடுதோறும் தீர்மானித்தாக வேண்டும். அதையெல்லாம் கருவியே தீர்மானித்துவிட்ட பின் ஓவியருக்கு மிஞ்சுவது நகலெடுப்புத்தான். (பந்தியில் நிரம்பிவழிந்து தூண்களின் முன் ஆளில்லாமல் போகும் ‘ஓவிய முகாம்’களை நாம் பரிந்துரைக்கவில்லை.) நண்பர் அடுத்து மதுரைப் புதுமண்டபத் தூண்களை வரையப்போகிறாராம், கணினித் திரையைப் பார்த்து. மதுரைக்கு அவர் தெருமுனையிலேயே பேருந்து உண்டு.